இடது கையில் நீட்டிய தண்ணீர்

அன்புள்ள செர்வா,

நீயும் மகள் அஃபுவாவும் நலமா? லுவாண்டாவில் நானும் நலம், வெல்டிங் பட்டறையும் நலம்.

கம்பெனி செலவில் அவளைச் சேர்க்க இரண்டு சர்வதேசப் பள்ளிகள் பார்த்தேன். முதலாவதில் நீச்சல் குளம் உண்டு. அதில் ஒரு தவளையும் உண்டு, அதை விடு. இரண்டாவதில் ஒரு சிறுமி இடது கையால் எனக்குத் தண்ணீர் நீட்டினாள்.

“எங்க ஊரு குமாசியில இப்படிக் குடுத்தா அடி விழும் தாயி!”

“எனக்கு இந்தக் கைதான் வரும் அங்கிள். எழுதுறதும் இதுலதான்.”

பக்கத்தில் நின்ற டீச்சர் சிரித்தார்.

அங்கே இடது கையால் எழுதிப் பிரம்படி வாங்கும் நம் மகளுக்கு இந்தப் பள்ளிதான்.

வரும்போது மிளகாய்த் தொக்கு எடுத்து வா. பட்டறைச் சங்கு ஊதிவிட்டது, முடிக்கிறேன்.

அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டேன் செர்வா. இங்கே வந்தபின் எனக்கென்று ஒருவர் நீட்டிய முதல் தண்ணீர்.

உன் யாவ்