நீ சாய்த்து வைத்த ஏசி

பிரியமுள்ள கிருஷ்ணப்பா,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. எனக்குக் கையெழுத்துகூடப் போட வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். “உக்காந்து சொல்லுங்க மாமா, நடந்துக்கினே சொன்னா பாதி காதுல வுழல” என்கிறாள். எங்கே உட்கார்வது? நொடிக்கொரு தரம் ஜன்னல் ஏசியைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ மாட்டிய அதே ஏசிதான். உன் கம்பெனி ஆபீசில் வேண்டாமென்று கழித்துவிட்டதை வாங்கி, குருபரப்பள்ளியிலிருந்து டெம்போவில் நின்றபடி பிடித்துக்கொண்டு வந்தாயே. “தங்கச்சிக்கு வேர்க்கக் கூடாது” என்றாய். கூடப் பிறக்காவிட்டாலும் என் வீட்டுக்காரி ருக்குவை நீ வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவளுக்குப் போன மாதம் வயிற்றில் ஆபரேஷன். தையலில் வியர்வை சேரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஓசூரிலும் இப்போது வெயில் முன்னைவிட அதிகம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் எங்கள் அறை கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஏசி வீட்டுக்குள் தண்ணீர் விட்டது. சுவரில் வழிந்து அவள் மெத்தையே நனைந்துவிட்டது. போட்டால் ஈரம், நிறுத்தினால் வியர்வை. நான் என்ன செய்வேன்?

மெக்கானிக் வந்து ஃபில்டரைக் கழுவிப் போட்டும் நிற்கவில்லை. “உள்ள தட்டு ஓட்டையா இருக்கும் பெரியவரே. இத்தக் குடுத்துட்டுப் புதுசு மாட்டிக்கோங்க, சனிக்கெழம வரேன். ஆமா, யாரு மாட்டுனது?”

“செத்துப்போயிட்டான். அவன் வேலையே கோணல்” என்றேன்.



ஏன் அப்படிச் சொன்னேன்? மாட்டிய அன்றே ரசமட்டத்தை அதன் தலைமேல் வைத்துப் பார்த்தவன் நான். பின்பக்கம் சரிந்திருந்தது. நாற்பது வருசம் சுவர் எழுப்பியவனுக்கு, குமிழி நடுவில் நிற்காவிட்டால் மனம் நிற்காது.

“ஏண்டா இப்படிச் சாச்சு வெச்சிருக்க? பாக்கறவன் இத்த மேஸ்திரி வூடுன்னு சொல்லுவானா?”

“சும்னிரு மச்சா. உன் மட்டமெல்லாம் சுவத்தோட. இது ஒண்ணுக்குப் போற மிஷினு, வெளிய பாத்துதான் உக்காரணும்.”

சொல்லிவிட்டு, விளிம்பு நசுங்கிய டம்ளரில் தண்ணீர் எடுத்து அடித்தட்டில் ஊற்றினாய். அது பின்னால் ஓடி, வெளியே கீழே கிடந்த தகரத்தில் சொட்டியது. எல்லாம் நினைவிருக்கிறது. கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் வெள்ளையடித்தோம். தடுக்க நீ இல்லை. ஏசியின் பின்பக்கத்துக்குக் கீழே செங்கல் துண்டு கொடுத்து, சிமெண்ட் பூசி, குமிழியை நடுவில் நிறுத்தினேன். தள்ளி நின்று பார்த்தேன், திருப்தியாக இருந்தது. குளிர்காலம், யார் ஏசி போடுவார்கள்? சித்திரையில்தான் போட்டோம்.

நேற்றுக் காலை, சொட்டுக்கு வைத்த அன்னக்கூடைப் பாத்திரத்தை நான் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது ருக்கு படுத்தபடியே சொன்னாள்: “அண்ணன் இருந்தப்ப உள்ள ஒரு சொட்டு வந்துச்சா? பின்னாடி தகரத்துல சொட்டற சத்தம்தான் கேக்கும்.”

வெளியே ஓடினேன். தகரம் காய்ந்து கிடந்தது. அதே டம்ளரைத் தேடி எடுத்துத் தட்டில் ஊற்றினேன். தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என்னைப் பார்த்து முன்பக்கமாகவே வழிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உளியை எடுத்தேன். நான் பூசிய சிமெண்டை நானே உடைத்தேன். மகன் ஏசியைத் தாங்கிப் பிடிக்க, செங்கல்லை உருவி, பின்பக்கத்தை நீ வைத்த சாய்வுக்கே இறக்கினோம். கால் மணி நேரம் கழித்துத் தகரத்தில் டொக்கென்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. மெத்தை இப்போது காய்ந்திருக்கிறது. உன் தங்கச்சி அசந்து தூங்குகிறாள். எனக்குத்தான் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நான் கோணல் என்று சொன்னது உனக்குக் கேட்டிருக்குமா? நீ கேலி பேசாமல் விவரமாகச் சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா?

சனிக்கிழமை மெக்கானிக் வருவான். ஏசியைக் கொடுக்கமாட்டேன். “மாட்டுனவன் சரியாத்தான் மாட்டுனான், கெடுத்தவன் நானு” என்று மகன், மருமகள், ருக்கு எல்லோரையும் வைத்துக்கொண்டு அவனிடம் சொல்வேன். ரசமட்டம் இனி அந்த ஜன்னல் பக்கம் போகாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருசன், மச்சான்
பெருமாள் மேஸ்திரி