அட்டைப்படத்துக்குச் சேலை உடுத்திய அஞ்சலக அதிகாரி

அனுப்புநர்:
ம. சூசைமாணிக்கம்,
ஆசிரியர், 'சாய்கோடு' நவீன ஓவியக் காலாண்டிதழ்,
நாகலூர் சாலை, ஏற்காடு.

பெறுநர்:
உயர்திரு அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
சேலம் கோட்டம்.

பொருள்: இதழின் அட்டைப்படத்தின் மேல் துணை அஞ்சலக அதிகாரி படம் வரைந்தமை – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளி ஓவிய ஆசிரியன். மேற்படி இதழ் சேலத்தில் அச்சாகி பஸ்ஸில் மலையேறி வந்து, இங்கிருந்து தபாலில் மீண்டும் மலையிறங்குகிறது. சேலத்திலேயே அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கலாம். மலை முத்திரையோடு போனால்தான் சென்னையில் மதிக்கிறார்கள்.

2. சென்ற இதழின் அட்டையில், தையல் ஆசிரியை செல்வி அமலி வரைந்த 'மூடுபனி' வெளியானது. சில வளைவுகள், ஒரு வட்டம், அவ்வளவே. எங்கள் பகுதித் துணை அஞ்சலக அதிகாரி திரு. பாலசுப்பிரமணியம் அதை ஆடையற்ற பெண் என முடிவு செய்து, சென்னைக்குப் போகவிருந்த இதழ்க்கட்டை நிறுத்திவைத்தார். உறுதி செய்துகொள்ள, தபால்தலை வாங்க வந்தவர்களிடமும் காட்டினார். பாப்பாத்தி என்பவர் பலாப்பழம் என்றார். லாரி ஓட்டுநர் பொன்னுவேல் கொண்டை ஊசி வளைவு என்றார். அதிகாரி ஒருவருக்கே பெண் தெரிந்தார்.

3. அதுவரை இம்மலையில் ஒருவரும் வாங்காத இதழைக் கேட்டுத் தலைச்சோலையிலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நேராகவும் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, இதுல பொம்பள எங்கீங்க?" என்று என்னிடமே சண்டைக்கு நின்றார்கள்.

4. அமலி தம்மையே வரைந்துகொண்டார் என்றும் பேச்சு கிளம்பியது. அவர் ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்று, முடியுமுன்பே வீடு திரும்பினார். மற்றவற்றைச் சிரித்துக் கடந்தாலும் இதை என்னால் கடக்க இயலவில்லை.

5. நான் நேரில் மன்றாடியபின் கட்டு சென்னைக்குப் போயிற்று. நன்றியும் சொல்லி வந்தேன். பிறகுதான் தெரிந்தது: அதிகாரி, தாம் பெண்ணைக் கண்ட இடத்தில், பிரதிதோறும் ஊதா மையால் கொசுவமும் முந்தானையும் வைத்துச் சேலை உடுத்தியே அனுப்பியிருக்கிறார்.

6. சென்னை விமர்சகர் ஒருவர், படம் சாதாரணம், ஊதாக் கோடுகள் மட்டும் துணிச்சலானவை என்று எழுதினார். அஞ்சலட்டையில் எழுதியதால் அதிகாரி எனக்கு முன்பே படித்துவிட்டார். அன்றுமுதல் தம் படங்களைத் தபால்காரரிடம் கொடுத்தனுப்புகிறார். அவற்றை வெளியிடச் சம்மதிக்கும்வரை அடுத்த இதழின் கட்டு தம் மேசையடியில்தான் கிடக்கும் என்கிறார்.

7. அவரை இடமாற்றக் கோரியே இம்மனுவை முதலில் எழுதினேன். அமலி அந்த வரியை அடித்துவிட்டார். அவருக்குத்தான் கோபம் அதிகம். ஆயினும் அந்த ஊதா மடிப்புகளை நெடுநேரம் பார்த்திருந்து, "அவுருக்குக் கோடு வருதுங்க சார். ஆளை மாத்த வேண்டாம், பேனாவ மட்டும் புடுங்கச் சொல்லுங்க" என்றார்.

ஆகவே, கட்டை உடனே விடுவிக்கவும், 'மூடுபனி' படத்தில் பெண் எவரும் இல்லை என அஞ்சலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டவும், அலுவலக நேரத்தில் மேற்படி பேனாவை அதிகாரியிடமிருந்து வாங்கி வைக்கவும் ஆணையிடும்படி வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தத் தாளில் அவர் வரைவதை ஆசிரியர் குழு பரிசீலிக்கும்.

இடம்: ஏற்காடு
நாள்: 12.11.1984

பணிவுடன்,
(ஒப்பம்)
ம. சூசைமாணிக்கம்