பாரதிக்குப் பிடித்த சூப்

மறுவாழ்வு இல்லம்,
திண்டிவனம்.
4.11.2024

அன்புள்ள ஷோபனாவுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது. நீயும் பாரதியும் எப்படி இருக்கிறீர்கள் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. வீட்டுக்குப் போகும்வரை போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைப் பிடிக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இருபத்து நாலாம் தேதி பாரதியின் பிறந்தநாள். இந்த வருஷம் நான் பக்கத்தில் இல்லை. எனக்காக ஒன்று செய்வாயா? நான் வைக்கும் அந்த இத்தாலி சூப்பை நீ வைத்துக் கொடு. கப்பலில் இருந்தபோது பெரிய சமையல்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நம் வீட்டில் அதை என்னைவிட ரசித்துக் குடிப்பவள் அவள்தான். ரெண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவதுக்கு நீட்டுவாளே!

சூப்புக்கு வேண்டிய சாஸேஜ் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டாம். கொத்துக்கறியைக் கொஞ்சம் கொழுப்போடு வாங்கு. சோம்பை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்து, பூண்டு, இடித்த காய்ந்த மிளகாய், உப்பு சேர்த்து அழுத்திப் பிசை. ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். கடைச் சாஸேஜ் மாதிரி குடலில் அடைக்க வேண்டியதில்லை. மறுநாள் கிள்ளிக் கிள்ளிப் போட்டுச் சிவக்க வறுத்து எடுத்துவிடு. அந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கி, அரை டம்ளர் வெள்ளை ஒயின் ஊற்றி அடியைச் சுரண்டு. பிறகு எலும்பு வேகவைத்த தண்ணீர், உருளைக்கிழங்கு. கிழங்கு குழைந்ததும் கீரை, கறி, கடைசியில் பால். பால் ஊற்றியபின் கொதிக்கவிடாதே, திரிந்துவிடும்.

டிசம்பர் பதினாறில் என்னை அனுப்பிவிடுவார்கள். நேராக வீட்டுக்குத்தான்.

உன்
குரு

------

செஞ்சி
11.11.2024

பாரதி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். பாரதிக்குப் பரீட்சை நெருங்குகிறது. நான் வழக்கம்போல ஜெராக்ஸ் கடைக்குப் போய் வருகிறேன். பட்டா நகல், ஆதார் நகல் என்று நாள் முழுக்கக் கூட்டம். இடது காது இன்னும் இரைகிறது. கூட்டத்தில் யாராவது அந்தப் பக்கம் நின்று பேசினால் திரும்பித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சூப் வைக்கிறேன். பிறந்தநாளுக்கு நீங்கள் கேட்டு நான் மறுத்தேன் என்று இருக்க வேண்டாம். முருகையன் கடையில் கொத்துக்கறிக்குச் சொல்லிவிட்டேன். "கொழுப்போட இன்னாத்துக்குமா? எல்லாரும் கொழுப்பில்லாம குடுன்னுதான் கேப்பாங்க" என்றார். "இத்தாலிக்கு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒயின் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு எதை எழுதுகிறீர்கள் என்று யோசித்தீர்களா? அது இந்த வீட்டுக்குள் வராது. அதற்குப் பதில் என்ன ஊற்றலாம் என்று மட்டும் எழுதுங்கள்.

ஷோபனா

------

திண்டிவனம்
15.11.2024

அன்புள்ள ஷோபனாவுக்கு,

என்னை மன்னித்துவிடு. கைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள், எங்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஐயா கண்ணிலும் அது படவில்லை! கொஞ்சம் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்று. அடியில் பிடித்தது கழன்று வர வேண்டும், அவ்வளவுதான்.

சோம்பும் கறியும் சேர்ந்து வறுபடும்போது ஒரு வாசனை வரும் பார், அது வந்தால் வீடே மாறிவிடும். நம் வீட்டில் எத்தனை சண்டையை அந்த வாசனை தீர்த்திருக்கிறது! இங்கே படுத்துக்கொண்டு அதைத்தான் நினைக்கிறேன். வந்ததும் கோட்டைக்குப் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு கடை போடலாம். ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி மலை ஏறி இறங்குகிறவர்கள் பசியோடு வருகிறார்கள். நீ கல்லாவில் உட்கார். பாரதி பெயரையே வைக்கலாம்.

அவள் குடித்துவிட்டு என்ன சொன்னாள் என்று ஒரு வரி விடாமல் எழுது.

உன்
குரு

------

செஞ்சி
26.11.2024

பாரதி அப்பாவுக்கு,

ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

சனிக்கிழமையே கறியைப் பிசைந்து வைத்தேன். ஞாயிறு காலை பாரதி டியூஷன் போயிருந்தாள். நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். கீரைக்குப் பசலை போட்டேன். பால் திரியவில்லை. கறி சிவந்தபோது அந்த வாசனை வந்தது. என் கை தானாக இடது காதுக்குப் போனது. ஏனென்று அப்போது தெரியவில்லை.

பாரதி சைக்கிளை நிறுத்திவிட்டு வாசற்படியில் கால் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நைனா வந்துட்டாரா?"

"இல்லடி. நான்தான் சூப் வெச்சிருக்கேன். உள்ள வா."

வந்தாள். அடுப்பைப் பார்க்கவில்லை. என் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்த்தாள். அப்புறம்தான் பையைக் கழற்றி வைத்தாள்.

கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். தள்ளி வைத்துவிட்டாள்.

"இன்னாடி? உனக்குப் புடிக்குமே. ரெண்டு கிண்ணம் குடிப்பியே."

"எனக்கு எப்பவுமே புடிக்காதும்மா."

"அப்புறம் ஏன் கேட்டுக் கேட்டுக் குடிச்ச?"

"நான் குடிச்சா நைனா சிரிப்பாரு. அவரு சிரிச்சா அன்னிக்கி வீட்டுல ஒண்ணும் நடக்காது. அதான் குடிச்சேன். இந்த வாசன வந்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். நேத்து ராத்திரி உன்ன அடிச்சிருக்காருன்னு."

அவள் எழுந்து போய்ச் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டாள். பிறந்தநாளும் அதுவுமாக.

நான் யோசித்துப் பார்த்தேன். கப்பல் வேலையை விட்டு வந்த பிறகு நல்ல நாளில் ஒரு தடவையாவது நீங்கள் அந்த சூப் வைத்திருக்கிறீர்களா? எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சண்டையைத் தீர்த்தது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

மீதியை ஜெராக்ஸ் கடைக்கார ராஜாம்பாள் அக்காவுக்குக் கொடுத்தேன். பிரமாதம் என்றார்கள். எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். சூப்பில் ஒரு குறையும் இல்லை.

பதினாறாம் தேதி இங்கே வர வேண்டாம். தொண்டூரில் உங்கள் அண்ணன் காமராஜ் வீட்டுக்குப் போங்கள். நான் அவரிடம் பேசிவிட்டேன். வெளி அறையை ஒழித்துத் தருகிறேன் என்றார்.

ஷோபனா

------

திண்டிவனம்
29.11.2024

ஷோபனா,

பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு இப்படிப் பேச எங்கிருந்து வரும்? யார் சொல்லிக்கொடுத்தது? நீயா, உன் ராஜாம்பாள் அக்காவா? நான் இங்கே ஒவ்வொரு நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறேன். யாருக்காக? நான் இல்லாத நேரம் பார்த்து என் பெண்ணின் மனசைக் கலைத்து, என் அண்ணனிடமும் போய் நின்றிருக்கிறாய்.

குடித்தால் எனக்கு நினைவிருக்காது என்று உனக்குத் தெரியும். நினைவு வந்ததும் விடியற்காலையில் எழுந்து அடுப்படியில் நின்றவன் நான். அதுவும் குற்றமா?

என் வீட்டுக்கு வர நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதினாறாம் தேதி வருவேன்.

குரு

------

திண்டிவனம்
8.12.2024

ஷோபனாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. புயலில் தபால் நின்றதா, நீ நிறுத்திவிட்டாயா, தெரியவில்லை. செஞ்சியில் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். நம் தெருவா என்று எழுந்து நின்று பார்த்தேன், அதற்குள் மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? பாரதி பயந்தாளா? அதை மட்டுமாவது எழுது.

இங்கே சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். என் முறை வந்தபோது உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நான் சூப் வைப்பதைக் குற்றமாகச் சொல்கிறாள் என்று முறையிட்டேன். ஆனந்தராஜ் என்று ஒரு பெரியவர், மூன்றாவது தடவையாக இங்கே வந்திருப்பவர், "பொண்ணு சொன்னது பொய்யா?" என்று கேட்டார். பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அடுத்த ஆளைப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

நான் அண்ணன் வீட்டுக்கே போகிறேன். எவ்வளவு நாள் என்று நீ சொல். பாரதியைப் பார்க்க முடியுமா என்றும் சொல்.

குரு

------

செஞ்சி
12.12.2024

பாரதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. தண்ணீர் வாசற்படிவரை வந்து நின்றது. நாங்கள் ராஜாம்பாள் அக்கா வீட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொண்டோம். பாரதி பயப்படவில்லை. கரண்ட் இல்லாத இருட்டில் அக்காவின் பேத்திகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் விடியும்வரை முழிப்பில்லாமல் தூங்கினேன்.

கடிதங்களை அவளிடம் கொடுத்தேன். மறைப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. கோபமாக எழுதியதையும் படித்தாள், அடுத்ததையும் படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். மறுநாள் தலை பின்னும்போது கேட்டாள்.

"தொண்டூருக்கு எந்த பஸ்சும்மா?"

"ஏண்டி?"

"சும்மாதான். நைனா பஸ்சுல வந்தா எங்க எறங்குவாரு?"

"பஸ் ஸ்டாண்டுலதான்."

"அங்க பேக்கரில உக்காந்து பேசலாமில்ல? நம்ம வீட்டுல வேணாம்."

அதனால் இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, டியூஷன் முடிந்து அவள் பேக்கரிக்கு வருவாள். நான் எதிரில் ஜெராக்ஸ் கடையில் இருப்பேன். உங்கள் பக்கத்தில் வரமாட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழ வேண்டாம். அவள் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். எழுந்திருக்க வேண்டும் என்று அவள் சொன்னால் விட்டுவிடுங்கள். அவள் பிரியப்பட்டால் அடுத்த ஞாயிறும் வருவாள்.

எவ்வளவு நாள் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு நீங்கள் அப்பா, அது மாறாது. என் வரைக்கும் நீங்கள் திரும்பி வருகிற நாள் என்று ஒன்றும் இல்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன், கோபத்தில் இல்லை. நீங்கள் குடிக்காமல் இருக்க வேண்டும். அது உங்களுக்காக இருக்கட்டும்.

உங்கள் துணிமணிகளைத் துவைத்து மடித்துத் தொண்டூருக்கு அனுப்பிவிட்டேன். உங்களிடம் இந்த வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அதை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஷோபனா