சரசுவின் மாதுளை

மார்ச் 4, செவ்வாய்
எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. முட்டை ஏற்ற வேண்டிய கேரளா லாரி இன்னும் வரவில்லை. கொல்லைப்புற மாதுளைக்கு என்னவோ ஆகிவிட்டது. இலை ஓரமெல்லாம் கருகல். பிஞ்சுகள் கீழே கிடக்கின்றன. போன வாரம்கூட நன்றாக நின்ற செடி.

சரசு பார்த்தாள். காபி டம்ளரை மட்டும் சத்தம் வர வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இடத்தில் முட்டை அட்டைகளை அடுக்க ஒரு ஷெட் போடலாம் என்று தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாதுளை உயிரோடு இருக்கிறவரைக்கும் நடக்காது என்று சொல்லியிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்ததும் அவள் வைத்த முதல் செடி. இப்போது அது காய்கிறது. சந்தேகம் யார் மேல் வரும்?

மார்ச் 5, புதன்
கோவையிலிருந்து மகள் போன்.

"அப்பா, நெசமாச் சொல்லுங்க. களைக்கொல்லி ஏதாச்சும் ஊத்தீட்டீங்களா?"

"ஏஞ்சாமி, உங்கப்பனைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"தெரியுதுங்கப்பா. அதான் கேக்கறேன்."

சாயந்திரம் மண்வெட்டி எடுத்து அடியைக் கிளறினேன். குப்பென்று வாடை. கண் எரிந்தது. அப்போதே புரிந்துவிட்டது. முட்டை எடுக்கிற பண்ணையிலிருந்து போன மாதம் ஒரு மூட்டை கோழி எரு கொண்டுவந்தேன். பழம் சிறுத்துப்போகிறது என்று சரசு சொல்லிக்கொண்டிருந்தாள், அதற்காக. கூண்டுக்கடியிலிருந்து அள்ளிய ஈர எரு. அப்படியே வேரில் கொட்டிவிட்டேன். மக்காச்சோளக் காட்டுக்கே மாதக்கணக்கில் குவித்து, சூடு தணிந்த பிறகுதான் இறைப்பார்கள். அது தெரியாத ஆள் நாமக்கல்லில் கிடையாது. எனக்கும் தெரியும். பழம் பெருக்கட்டும் என்ற ஆசையில் யோசிக்கவில்லை.

சரசுவிடம் சொன்னேன்.

"முட்டையைக் கையில எடுத்தே எந்தப் பண்ணைன்னு சொல்றவரு, எருவு பச்சையா இருக்கறது தெரியாமப் போட்டீங்களாக்கும்?"

நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

செடியைப் பிழைக்கவைத்தே தீருவது. மற்றதெல்லாம் அப்புறம்.

மார்ச் 6, வியாழன்
வேலைகள்:
எரு முழுக்க வார வேண்டும். மேல்மண்ணும் சேர்த்து.
வேரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பு, ஆகாது.
செம்மண்.
நிழலுக்கு மேலே பச்சை வலை.

முதல் வேலை முடிந்தது. ஆள் விடவில்லை, நானே வாரினேன். எத்தனை சோப்பு போட்டும் கைவாடை போகவில்லை. கரண்டியில் சாப்பிட்டேன். சரசு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ரசம் ஊற்றினாள்.

மார்ச் 8, சனி
காவிரித் தண்ணீர் வந்தது. டியூபை நேராகச் செடிக்குத் திருப்பிவிட்டேன்.

"ஏனுங்க, குடிக்கிற தண்ணியவா?"

"ஆமா."

"அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் ஊட்டுல என்னத்தைக் குடிக்கறது?"

"கேன் வாங்கிக்கலாம்."

டியூபைப் பிடுங்கவில்லை. அதுவே பெரிது.

செம்மண் வந்தது. போட்டு, மேலே தென்னை மட்டை பரப்பினேன். முட்டை விலை இறங்குமுகம். லோடு குறைவு.

மார்ச் 12, புதன்
இலை முழுக்க உதிர்ந்துவிட்டது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். மேல் கிளைகள் காய்ந்த குச்சி. முழங்காலுக்குக் கீழே பச்சை இருக்கிறது. அந்தப் பச்சைதான் இனி நம்பிக்கை. காய்ந்ததை அறுத்தெடுக்க வாளோடு நிற்கிறேன், அந்த நேரம் பார்த்து, ஷெட் போட நான் பேசிவைத்திருந்த மேஸ்திரி உள்ளே வருகிறார்.

"அட, வெட்டீட்டீங்களாண்ணா? அப்ப நாளைக்கே கடக்கால் தோண்டீரலாமுங்க."

சமையலறை ஜன்னலில் சரசு. நான் முந்திக்கொண்டேன்.

"இங்க இல்லீங்க மேஸ்திரி. முன்னால, காரு நிக்கற எடத்துல போடுங்க."

"அப்ப காரு?"

"வெய்யல்ல நிக்கட்டும்."

"குச்சியாட்ட நிக்குது, இதுக்கு வலை வேற. காரைவிட மாதுளைக்கு மரியாதை சாஸ்தியா இருக்குதுங்களே."

"நீங்க அளவெடுங்க."

சிரித்துக்கொண்டே டேப்பை இழுத்தார். ஜன்னலில் ஆள் இல்லை.

அடிக்கிளையில் ஒரே ஒரு மொட்டு மிச்சம். இருக்கிற தெம்பை அது உறிஞ்சிவிடக் கூடாது. கிள்ளிவிட்டேன். மனசு கேட்கவில்லை. கிள்ளித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 19, புதன்
ஒன்றும் இல்லை. குச்சி குச்சியாகவே நிற்கிறது. முன்னால் ஷெட்டுக்குத் தூண் ஏறிவிட்டது. காரில் உட்கார்ந்தால் சீட் அடுப்பு மாதிரி.

காலையில் நான் போவதற்குள் செடியடி ஈரமாக இருந்தது. நான் ஊற்றவில்லை. யார் என்று கேட்கவும் இல்லை.

மார்ச் 27, வியாழன்
ராத்திரி லேசான தூறல். மட்டையை விலக்கினால் அடித்தூரில் செக்கச்செவேல் என்று துளிர். ஒன்றல்ல, சுற்றிலும்.

சரசுவைக் கூப்பிட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தவைத்துப் பார்த்தாள். விரலால் ஒன்றைத் தொட்டாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க, அப்ப நெசமாவே தெரியாமத்தான் போட்டீங்களா?"

"அதைத்தானே அன்னைக்கே சொன்னேன்."

"இத்தனை வருசமா உங்களைப் பெரிய வெவரமான ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தனே."

சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனாள். மத்தியானம் மகளிடம் போனில் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எரு, கரண்டி, கேன் தண்ணீர், ஒன்று விடவில்லை. முன்னால் லோடு ஏற்றுகிறவர்கள் வரைக்கும் கேட்டது.

கேட்கட்டும்.