பாக்கெட்டிலேயே துவைந்துபோன உன் ஆறு பாடங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நம் சலவைக்கூடத்துப் பெண்கள் ஒன்பது பேரும் மெஷின் ஆறும் நல்ல சுகம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், போனில் எதைக் கேட்டாலும் ம் என்கிறாய். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார்கள், மூன்றாவது வாரம் நடக்கிறது, மனுஷன் கழற்றுகிற வழியைக் காணோம், தலை வேறு புதுசாக வகிடு எடுத்துச் சீவுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் போனில் ஜெயிச்சுட்டோம்டி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், அதற்கு மேல் பேசினால் அழுதிருப்பேன். முழுக்கதையும் இப்போது கேள்.

நமக்குப் படுக்கை விரிப்பு அனுப்பிக்கொண்டிருந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் துணி கிடைக்காவிட்டால் ஒன்பது பேரில் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், எந்த ஐந்து பேர் என்று யோசிக்க ஆரம்பித்து இரண்டாவது முகத்திலேயே நிறுத்திவிடுவேன், அப்படித்தான் போன மாசம் முழுக்கப் போனது. அந்த ஒப்பந்தத்துக்காக ஆஸ்பத்திரியில் வந்து விளக்கிப் பேச மூன்று சலவைக்கூடங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசுறது பெரிசில்லம்மா, கேள்வி கேப்பாங்க, அங்கதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க என்று சொல்லி நீ போனில் ஆறு பாடம் நடத்தினாயே, அதை ஒரு சீட்டில் எழுதி மடித்து என் கறுப்புக் கோட்டுப் பாக்கெட்டில் பத்திரமாக வைத்தேன். தடுமாறினால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனப்பாடம்கூடச் செய்யவில்லை. முந்தின நாள் அப்பா கோட்டில் பூச்சி உருண்டை நாற்றம் என்றார், உடனே வீட்டு மெஷினில் போட்டுவிட்டேன். முப்பது வருஷமாக ஊரார் பாக்கெட்டை எல்லாம் துழாவிப் பார்த்தே துணியை உள்ளே விடுகிறவள், என் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது கையை விட்டால் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு காகித உருண்டை. அப்பாவிடம் காட்டினேன். கறுப்புக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்துவிட்டு இப்ப என்ன மாத்திரை சாப்பிடுற என்று கேட்டார்.

நீளமான அறை, மேஜையைச் சுற்றி ஏழு பேர். திரையில் படம் மாற்றுவது அப்பா வேலை, அவர் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு படம் ஓடியது. மூன்றாவது படத்திலேயே கொள்முதல் அதிகாரி குறுக்கே வந்து, உங்க மெஷின் படுத்துட்டா எங்க நோயாளி எதுல படுப்பாங்க என்றார். கேள்வியைக் கடைசிக்குத் தள்ளு என்று நீ சொன்னது எனக்கு எங்கே ஞாபகம் வந்தது. ஆனால் வாய்க்கு ஒரு பழக்கம் இருக்கிறதே, துணி வாங்கும்போது வந்தவர் சொன்ன குறையை நான் ஒருமுறை உரக்கச் சொல்லி, காலர்ல கறை, ஒரு பட்டன் இல்ல, சரிதானே என்று கேட்டுக்கொண்டுதானே சீட்டுக் கிழிப்பேன். அதே மாதிரி, ஒரு மெஷின் நின்னா அன்னைக்கு விரிப்பு வருமா வராதா, அதானே ஐயா கேக்குறீங்க என்றேன். அதேதான் என்று தலையாட்டினார். ஆறில் ஒன்றை எப்போதும் காலியாகவே வைத்திருக்கிறோம் என்றேன், எழுதிக்கொண்டார். கேள்வியைத் திருப்பிச் சொல் என்பது உன் இரண்டாவது பாடம் என்று அப்புறம்தான் உறைத்தது. அடி பெண்ணே, இதையா எனக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது, பயம் பாதி போச்சு.

அடுத்து தலைமை நர்ஸ். டாக்டர்கள் கோட்டில் பேனா, கத்திரி, சமயத்தில் ஊசிகூட இருக்கும், எல்லாப் பாக்கெட்டையும் பார்ப்பீர்கள் என்று என்ன நிச்சயம் என்றார். நான் அந்த உருண்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இன்னைக்கு உங்ககிட்ட எப்படிப் பேசணும்னு என் மக சொல்லிக்கொடுத்த குறிப்பும்மா இது, கோட்டை நானே வீட்டுல துவைச்சேன், எங்க நெட்டை கையில குடுத்திருந்தா பொழச்சிருக்கும் என்றேன். அறையே சிரித்தது. நெட்டை என்று நாம் கூப்பிடுகிற அந்த உயரமான பெண் தனி மேஜையில் இடுக்கியோடு நின்று பாக்கெட் பாக்கெட்டாகப் பார்ப்பதையும், கிடைத்ததை உறையில் போட்டுக் கோட்டு நம்பர் எழுதித் திருப்பி அனுப்புவதையும் சொன்னேன். சிரிக்காத ஒரே ஆள், கிருமித் தொற்றுப் பார்க்கிற டாக்டர். மெஷினில் எழுபத்தைந்து டிகிரி காட்டும் சரி, உள்ளே அடைத்த துணி மூட்டைக்கு நட்டநடுவில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்றார். எனக்குத் தெரியாது கண்ணு. அப்பா இருமினார், எதையாவது சொல்லு என்பதுதான் அந்த இருமலுக்கு அர்த்தம். தெரியாது சார், நான் அளந்ததில்ல, சாயந்தரம் நாலு மணிக்குள்ள அளந்து சொல்றேன் என்றேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்த ஐந்து முகம்தான்.

வந்ததும் மெஷின் ரிப்பேர்க்காரரை வரவழைத்து, அவருடைய சூடு அளக்கும் கருவியை விரிப்புகளுக்கு நடுவில் சுருட்டி வைத்து ஓட்டினோம். முழுசாக நிரப்பினால் நடுவில் அறுபத்தெட்டுதான் ஏறுகிறது. முக்கால்வாசி நிரப்பினால் எழுபத்து நான்கு, பன்னிரண்டு நிமிஷம் இறங்காமல் நிற்கிறது. நல்லதை மட்டும் சொல்லு என்றார் அப்பா. நான் இரண்டையும் அப்படியே டாக்டருக்குப் போனில் சொல்லி, இனிமேல் முக்காலுக்கு மேல் நிரப்ப மாட்டோம் என்றேன். சரி என்று ஒரு வார்த்தை, வைத்துவிட்டார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது, இரண்டு வருஷத்துக்கு எல்லா வார்டுத் துணியும் நமக்கே. நெட்டை என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றிவிட்டாள், முதுகு இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும். யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம், இன்னும் இரண்டு பேரை எடுக்கப்போகிறோம்.

நேற்று முதல் மூட்டை வந்தது. நெட்டை ஒரு கோட்டில் மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள், அந்தச் சிரிக்காத டாக்டர் கோட்டு. அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாதுதான், படித்துவிட்டேன். மூன்று சலவைக்கூடத்துக்கும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். முதல் ஆள் எதிரே எழுபத்தைந்து என்றும், அடுத்த ஆள் எதிரே எண்பது என்றும் எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று குறித்திருந்தார். என் எதிரே, தெரியாது, நாலு மணிக்குள் சொல்வார் என்று இருந்தது. அதன் கீழே வேறு மையில், மூன்று நாற்பதுக்கே சொல்லிவிட்டார் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். உறையில் போட்டு நம்பர் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல் என்பது உன் எத்தனையாவது பாடம் என்று மறந்துவிட்டது, அடுத்த போனில் சொல். நீ எடுத்ததெல்லாம் கைகூடி, நின்ற இடத்தில் எல்லாம் தலை நிமிர்ந்து நில், அம்மா அப்பா ஆசி எப்போதும் உனக்கு. துணி துவைக்கும்போது பாக்கெட்டைப் பார்.

உன்னிடம் படித்துத் தேறிய,
அம்மா