குழலைச் சாய்த்து மாட்டிய மாமாவுக்கு

மாமா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி ஒன்றரை. நீங்கள் இருந்தபோது ஒன்பது மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்வீர்கள். இன்றைக்கு வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. நான் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் கவினைத் தூக்கியபோது அவன் உள்ளங்கையில் உங்கள் வாசனை அடித்தது. விபூதி வாசனை இல்லை, துப்பாக்கி எண்ணெய் வாசனை. விரல்களைப் பிரித்தால் ஒரு மஞ்சள் பிளானல் துணித் துண்டு. தோட்டா ஈரம் பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி முடிச்சுப் போடுவீர்களே, அந்தத் துண்டு. முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அவன் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அப்போதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. குப்புறக் கவிழ மட்டும் தெரிந்த பேரனைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். இப்போது பத்து மாதம். வீடு முழுக்கத் தவழ்கிறான். கையில் அகப்பட்டது எதுவானாலும் நேரே வாய்க்குத்தான்.

உங்களுக்கு எதற்கு ரிவால்வர் என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தபோது சம்பளப் பெட்டியோடு ஜீப்பில் போனீர்கள், அதற்காக லைசென்ஸ். ரிட்டயராகி, குன்னூரில் வீடு கட்டி, பெட்டியும் ஜீப்பும் போன பிறகும் அதை மட்டும் விடவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகும் நாளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டை. சரி, வைத்திருந்ததையாவது ஒழுங்காக வைத்தீர்களா? இந்த ஊர் மூடுபனியில் இரும்பைத் தோல் பைக்குள் போட்டுப் பத்து வருஷம் மூடி வைத்தீர்கள். தோல் ஈரத்தைக் குடித்தது, துரு குழலைத் தின்றது.

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் என்னையும் உங்கள் மகனையும் காரில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் துப்பாக்கிக் கடைக்குப் போனீர்கள். எங்களுக்குத் துணி எடுக்கப் போவதாக அத்தையிடம் சொல்லியிருந்தீர்கள். துணி எடுக்கவில்லை. கடை மிஸ்திரி பழைய குழலைக் கழற்றிவிட்டு, மரை போட்ட புதுக் குழலைத் திருகினார். இறுகி நின்றபோது அதன் நுனியில் குறி பார்க்க வைத்திருந்த சின்ன முள் மேலே பார்க்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"அய்யா, ரெண்டு நாள் குடுங்க. குழலு உக்கார்ற எடத்துல ஒரு முடியளவு தேய்ச்சா, இறுகறப்ப முள்ளு நேரா நிக்குமுங்க. இப்படியே முறுக்கினா தாண்டிப் போயிருமுங்க."

"ரெண்டு நாளெல்லாம் ஆகாதுங்க. இன்னும் ஒரு முறுக்கு முறுக்குங்க, தானா வரும்."

மிஸ்திரி என்னைப் பார்த்தார். நான் இயற்பியல் படித்தவள், தானாக எதுவும் வராது என்று தெரியும். புது மருமகள், வாயை மூடிக்கொண்டேன். முறுக்கினார். முள் நேராக வந்து, நிற்காமல், அந்தப் பக்கம் சாய்ந்தது. உங்களுக்கு என்ன அவசரம்? ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சுபேதாரை டீக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். வெலிங்டன் பட்டாளத்தில் இருபத்தைந்து வருஷம் துப்பாக்கியோடு வாழ்ந்த மனிதரிடம் காட்டிப் பெருமை அடிக்க வேண்டும்.

திரும்பும்போது பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க நிறுத்தினோம். நீங்கள் காருக்குள்ளேயே துப்பாக்கியை எடுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தீர்கள். நான் பொறுக்க மாட்டாமல் சொன்னேன்: "மாமா, முள்ளு சாஞ்சிருக்குதுங்க."

"சாஞ்சிருக்கறது உன்ற கழுத்து அம்மிணி."

உங்கள் மகன் சிரித்தார். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும், சுவரில் மாட்டிய படத்தைக்கூட, என் கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறேன்.

சுபேதார் வந்தார். வாங்கிப் பார்த்தார். மீசையைத் தடவினார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "டீ நல்லா இருக்குதுங்க சார்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஊர் முழுக்க மிஸ்திரிதான் கெடுத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். சாய்வுக்குக் கணக்குப் போட்டுச் சுட உங்களுக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னீர்கள்.

அந்தக் கணக்கைத்தான் பார்த்தோமே. தோட்டத்தில் பீன்ஸ் பந்தலைக் காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. அதை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு தோட்டா சுட்டீர்கள். இவ்வளவு பெரிய வானம் உங்கள் குறிக்குத் தப்பியது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பொத்துக்கொண்டு ஊற்றியது. எருமை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. தொட்டி மாற்ற வந்தவரிடம் என்ன சொன்னீர்கள்? "காட்டெருமை முட்டிருச்சுங்க." மொட்டைமாடியில், மாமா.

"படி ஏறியாங்க வந்துச்சு?" என்று அவர் கேட்டார். நான் சமையலறைக்குள் ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அதோடு முடிந்தது. தோட்டாக்களை நீங்கள் ஓரிடத்தில் வைக்க மாட்டீர்கள். "எல்லாம் ஒரே எடத்துல இருந்தா திருடனுக்குச் சுலபம்" என்பது உங்கள் மூளை. கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்று, அரிசி டிரம்மில் ஒன்று, கம்பளிகளுக்கு நடுவே ஒன்று. இதுவரை எந்தத் திருடனும் வரவில்லை. நான் கர்ப்பமாக இருந்தபோது அரிசி அளக்கப் போய் மஞ்சள் முடிச்சு ஒன்றைக் கையில் எடுத்து உறைந்து நின்றேன். "பயந்தாங்கொள்ளி" என்று வாங்கிக்கொண்டு போனீர்கள்.

போன மாதம் உங்கள் மகன் ரிவால்வரைக் கோயம்புத்தூர் கடையிலேயே ஒப்படைக்கக் கொண்டுபோனார். அதே மிஸ்திரி. சாய்ந்த முள்ளைப் பார்த்து, "அய்யா கடைசி வரைக்கும் சரி பண்ணவே இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். லைசென்ஸ் புத்தகத்தில் பத்துத் தோட்டா. நீங்கள் சேர்த்து வைத்த பிஸ்கட் டப்பாவில் எட்டு. ஒன்று தொட்டிக்குப் போனது. இன்னொன்று?

"அப்பா எப்பவோ சுட்டிருப்பாரு, விடு" என்கிறார் உங்கள் மகன். இதுவும் உங்கள் "ஒரு முறுக்கு முறுக்குங்க, தானா வரும்" பேச்சுதான். நீங்கள் இந்த வீட்டில் சுட்டது ஒன்றே ஒன்று. நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றி இவ்வளவு நேரம் எழுதாமல் தள்ளிப்போட்டேன். நீங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்னால், பிள்ளை முதல்முறை குப்புறக் கவிழ்ந்த அன்று, ஸ்டூல் போட்டு ஏறி வீடு முழுக்கத் துழாவினீர்கள். பிறகு டப்பாவோடு சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள்.

"அம்மிணி, இனிப் பய தவழுவான். எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனைக்கறேன். நீ ஒருக்கா எண்ணிச் சொல்லு."

"எனக்கெதுக்குங்க மாமா அதெல்லாம்? என்ற கழுத்து சாஞ்சிருக்குதுங்க, எண்ணினா தப்பாப் போயிரும்."

மூன்று வருஷமாக வைத்திருந்த பதில். சொன்னபோது இனித்தது. நீங்கள் டப்பாவை மூடிக்கொண்டு போனீர்கள். அன்று எண்ணியிருந்தால் ஒன்று குறைகிறது என்று அங்கேயே தெரிந்திருக்கும், எங்கே வைத்தீர்கள் என்று கேட்க நீங்கள் இருந்தீர்கள்.

இந்தத் துணி என் மடியில் கிடக்கிறது. தொட்டிக்குப் போன தோட்டாவைச் சுற்றியதா, காணாமல் போனதைச் சுற்றியதா? நீங்கள் எதையும் தூக்கிப் போடாதவர், எதுவாகவும் இருக்கலாம். சாமி அறை, பீரோ அடி, அரிசி டிரம், உங்கள் ஸ்வெட்டர் பைகள் எல்லாம் பார்த்துவிட்டேன். கவினைக் கட்டிலின் நடுவில் தலையணைகளை அடுக்கிப் படுக்க வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு எழுந்துவிடுவான்.

அந்த ஒன்றை எங்கே வைத்தீர்கள், மாமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.