சகுந்தலாவுக்கான கமர்கட்

அக். 13, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு இருக்கும் இடமே தெரியவில்லை. துணி காயாது. வெல்லம் இளகும். இந்த ஈரத்தில் கமர்கட் கிளறப் புத்தியுள்ளவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். யாரும் சொல்லவும் இல்லை. நானாகத்தான்.

ரவி போன் செய்தான். தீபாவளிக்கு அவனும் பெண்டாட்டி தீபாவும் காரில் வருகிறார்களாம். அவன் அம்மா சகுந்தலாவிடம் பேசிவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவுக்கு மறுபடி வயிறு கெட்டுச்சுன்னா நான் பெங்களூருக்குக் கூட்டினு போயிடுவேன். தீபாவளி வரைக்கும் பாக்கறேன்."

வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? சகுந்தலா அவனைப் பெற்றவள், சரி. எனக்கு நாத்தனார். புருஷன் போன பிறகு கைக்குழந்தையோடு தங்கவயலுக்கு, இந்தச் சாம்பியன் ரீப்ஸுக்கு வந்தவள். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், போன பிறகும் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய இதே லைன் வீட்டில் என்னோடுதான். ரவி நடை பழகியது இந்தச் சிமெண்டுத் தரையில். இப்போது 'பாக்கறேன்' என்கிறான். பெரிய ஷிப்ட் சூப்பர்வைசர் மாதிரி.

டாக்டர் சொன்னது: கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. பாலும் வேண்டாம். சாப்பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்த பெண் இன்னும் ஒருபடி மேலே போய், குடல் ஆறும்வரை எந்தத் தானியமும் வேண்டாம் என்றாள். அரிசி, கேழ்வரகு எல்லாம் நிறுத்தம். மார்ச்சிலிருந்து சேனை, சர்க்கரைவள்ளி, பருப்பு, முட்டை, கருவாடு. நானும் அதையே தின்கிறேன். இரண்டு விதமாகச் சமைக்க என்னால் முடியாது. வேறு காரணம் இல்லை.

இருந்தும் அடிக்கடி அவளுக்கு வயிறு பிடிக்கிறது. எப்படி? யாரோ எதையோ கொடுக்கிறார்கள். அல்லது அவளே திருடித் தின்கிறாள்.

வாங்க: தேங்காய், முற்றியதாக. வெல்லம், கறுப்பு (வெளுத்தது மருந்து போட்டது). வே.கடலை. சுக்கு. ஏலம்.

அக். 14, செவ்வாய்

தீபா போனில் ஒரு செய்முறை அனுப்பியிருக்கிறாள். பேரீச்சை, பாதாம், கோகோ தூள். அரைத்து உருட்ட வேண்டும். அடுப்பே வேண்டாமாம். படத்தைப் பார்த்தேன். ஆட்டுப் புழுக்கை.

"ஹெல்தி ஸ்வீட் பெரியத்தை" என்று கூடவே பேசியும் அனுப்பியிருக்கிறாள். தேங்காயும் வெல்லமும் என்ன நோய் பிடித்தவையா? கமர்கட்டில் கோதுமை ஏது, அரிசி ஏது, பால் ஏது? கையில் தடவும் நெய்யை மட்டும் நிறுத்தினால் போதும். தே. எண்ணெய் தடவிக்கொள்வேன். மேலுக்கு எள் புரட்டலாம் என்று இருந்தேன். பிறகு யோசித்தேன். எள் நவதானியத்தில் வருகிறது.

சகுந்தலாவிடம் சொன்னேன். கொடியில் துணியைத் திருப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"நவதானியத்துல துவரையும்தான் கீது. பயறு, கொள்ளு, உளுந்து எல்லாம் கீது. அப்ப பருப்பும் கூடாதா? நான் இன்னா, ஜல்லி துன்றதா?"

நியாயம்தான். ஆனால் அவள் முன்னால் ஒப்புக்கொள்ளவில்லை. தீபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். எள்ளும் பருப்பும் அந்தக் கணக்கில் சேராது, தாராளமாகப் போடலாம் என்றாள். இவ்வளவு சுலபமாக ஏன் சரி என்கிறாள்? எள்ளை நிறுத்திவிட்டேன். பருப்பு இருக்கட்டும்.

முழங்கால் வலி. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

அக். 15, புதன்

முதல் ஈடு பாழ். பாகு உருண்டது, ஆறினதும் தட்டில் படுத்துக்கொண்டது. வெல்லத்தில் சர்க்கரை கலந்திருக்கிறான். கடைக்காரனிடம் கேட்டால் மழை என்பான். எல்லாவற்றுக்கும் மழை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, அல்வாவா?" என்றாள். வாணலியை மூடினேன். இவள் மீது எனக்கு ஒரு கண் இருக்கிறது. இவள் மருமகனுக்குப் பேக்கரியில் வேலை. சாயங்காலமானால் பன் வாசனை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வரும். சகுந்தலா தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே அரைமணி பேச்சு. என்ன பேச்சு?

அக். 16, வியாழன்

வெயில் கொஞ்சம். இரண்டாவது ஈடு. வேறு கடை வெல்லம்.

தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்தேன், சிவக்க விடாமல். வெல்லம் கரைத்து, துணியில் வடிகட்டி, திரும்ப அடுப்பில். சின்னத் தீ. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் எறிந்து பார்த்தேன். மெத்தென்று விழுந்தது. இன்னும் கொதிக்கட்டும். அடுத்தது கொஞ்சம் குரல் கொடுத்தது. அதற்கடுத்தது கூழாங்கல் போல 'டங்'. உடனே தேங்காய், பொடித்த கடலை, சுக்கு, ஏலம். இறக்கிச் சூட்டோடு உருட்ட வேண்டும். ஆறினால் சுத்தியல்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கை சிவந்துவிட்டது. வடிவம் ஒன்று போல் இல்லை. ருசி சரி.

சகுந்தலாவுக்கு ஒன்று கொடுத்தேன். வாயில் அதக்கிக்கொண்டு கன்னம் வீங்கினாற்போல் உட்கார்ந்திருந்தாள்.

"பல்லு போச்சுன்னா ரவிகிட்ட இன்னா சொல்லுவே அண்ணி?"

"வாய் கொஞ்சம் ஓய்ஞ்சுதுன்னு சொல்லுவேன்."

சிரித்தாள். இன்னொன்று கேட்டாள். கொடுத்தேன். மார்ச்சுக்குப் பிறகு எதையும் அவள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

சாயங்காலம் வயிறு பிடித்துக்கொண்டது. லேசாகத்தான். தேங்காய் வாயுவாக இருக்கும். நானும் தின்றேனே, எனக்கு ஒன்றும் இல்லையே. சந்தேகம் வந்தது. பக்கத்தில் போய், "வாயத் திற" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"பன் வாசன வருதான்னு பாக்கணும்."

"இன்னா அண்ணி, என் வாய மோந்து பாக்கறியா? நான் இன்னா குடிச்சிட்டு வந்த புருஷனா?"

வெல்ல வாசனைதான். முந்தானையையும் உதறிப் பார்த்தேன். துகள் ஏதும் இல்லை. வழக்கம்போல் வெந்நீரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்தாள்.

அக். 17, வெள்ளி

அவளுக்கு நேற்றைவிட மோசம். கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடை. மறுபடி பெருங்காயம், கொஞ்சம் கூடவே. முகம் சுருங்கிப் போயிற்று.

பத்து மணிக்கெல்லாம் ரவி போன். யார் சொன்னது? ஸ்டெல்லாவாகத்தான் இருக்கும்.

"அத்தை, இன்னா குடுத்தீங்க?"

"கமர்கட்."

"தீபா அனுப்புனத செஞ்சிருந்தா இது வந்திருக்குமா? சரி விடுங்க. அம்மாவ பை எடுத்து வெக்கச் சொல்லுங்க. தீபாவளி அன்னைக்கே கூட்டினு போயிடறேன்."

விடுங்களாம். நான் எதை விடுவது?

தீபாவுக்குத் தையில் பிரசவம். அம்மா மேல் பாசமா, வீட்டில் ஓர் ஆயா வேண்டுமா? கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டான்.

சகுந்தலா கட்டிலிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கும் ஆசை இருக்கலாம். லிப்ட் வைத்த வீடு. பேரப்பிள்ளை.

கமர்கட் டப்பாவை மேல்தட்டில் வைத்தேன். தூக்கிப் போடவில்லை. அதன் மேல் குற்றம் இல்லை. எனக்குத் தெரியும்.

அக். 18, சனி

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு. தீபாவளிக் கூட்டம், சேறு, எல்லோர் கையிலும் பட்டாசுப் பை. வாங்கியது: மட்டனுக்கு மசாலா, விளக்குத் திரி, எண்ணெய். பெருங்காயம் தீர்ந்து போனதால் அதுவும்.

நான் படித்தது மூன்றாவது. இங்கிலீஷ் எழுத்து நானே டப்பாக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டாக்டர் சொன்ன பிறகு, கோதுமைக்கு இங்கிலீஷில் வரும் அந்த ஐந்து எழுத்து எந்த அட்டையில் இருந்தாலும் என் கண்ணில் குத்தும். பிஸ்கட், சேமியா, சாஸ் பாட்டில் எதையும் விட்டதில்லை. பெருங்காயத்தை மட்டும் ஒருநாளும் படித்ததில்லை. வாங்கி வந்ததும் பழைய டப்பாவில் கொட்டி, அட்டையை அடுப்பில் போட்டுவிடுவேன். அது மருந்து. மருந்தில் போய் என்ன பார்ப்பது?

கடையில் கூட்டம். சில்லறைக்காக நின்ற நேரத்தில் சும்மா திருப்பினேன். அந்த ஐந்து எழுத்து.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அதேதான்.

"இன்னாப்பா இது? பெருங்காயத்துல கோதுமையா?"

"தூளுன்னா மாவு கலந்துதான் பெரிம்மா வரும். சுத்தமான காயம் பிசின் மாதிரி. அத எப்பிடித் தூளாக்கறது? மாவு, கோந்து சேத்தாத்தான் கைக்கு அடங்கும்."

"எப்பலேர்ந்து?"

"எங்கப்பா கடை வெச்ச காலத்துலேர்ந்து. நகருங்க பெரிம்மா, பின்னால ஆளு கீறாங்க."

நகர்ந்தேன். குடை கடையிலேயே. திரும்பப் போய் எடுத்தேன்.

பருப்பில் ஒரு சிட்டிகை. வயிறு பிடித்தால் அரை ஸ்பூன். பிடித்தது நிற்காவிட்டால் இன்னும் அரை ஸ்பூன். யார் கொடுக்கிறார்கள் என்று ஸ்டெல்லா வீட்டு வாசலை இத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக். 19, ஞாயிறு

இன்று பருப்பில் காயம் இல்லை. வெறும் சீரகம், பூண்டு. சகுந்தலா எழுந்து உட்கார்ந்து விளக்குகளைத் துடைத்தாள். "பருப்பு ஒரு மாதிரி கீது" என்றாள். தின்றாள்.

அவளிடமும் இன்னும் சொல்லவில்லை.

சொன்னால்: நீங்களே கோதுமை கொடுத்துவிட்டு ஊரைச் சந்தேகப்பட்டீர்கள் என்பான் ரவி. பையோடு கூட்டிப் போவான். அதற்கு மேல் நான் வாய் திறக்க முடியாது.

சொல்லாவிட்டால்: காயத்தை நிறுத்தினால் வயிறு தானாகச் சரியாகும். யாருக்கும் தெரியாது. ஆனால் கமர்கட்டால்தான் வந்தது என்று ரவி ஆயுசுக்கும் சொல்லுவான். நான் கிளறியதன் மேல் பழி. அதை என்னால் பொறுக்க முடியாது. தவிர, நாளைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த வீட்டிலும் ரசம் வைப்பார்கள். வயிறு பிடித்தால் கொடுப்பார்கள்.

சகுந்தலா பையை எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டு புடவை, சால்வை, மாத்திரை. கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள்.

"இன்னா சொல்லுவேன்னு?"

"ஒண்ணுமில்ல. போ."

அக். 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். கறிக்குழம்பு, சேனை வறுவல். இட்லி இல்லாத தீபாவளி. வெடிச் சத்தத்தில் ஸ்டெல்லா வீட்டு நாய் எங்கள் கட்டிலுக்கு அடியில்.

ரவியும் தீபாவும் ஒன்பது மணிக்கு வந்தார்கள். ரவி உள்ளே வந்ததும் பையைத்தான் பார்த்தான். தீபா தட்டில் அவள் செய்த உருண்டை கொண்டு வந்தாள். எல்லோரும் உட்கார்ந்ததும் கமர்கட் டப்பாவைக் கீழே வைத்தேன். பக்கத்தில் சனிக்கிழமை வாங்கிய பெருங்காயம், அட்டையோடு.

"ரவி, உங்கம்மா வயித்தக் கெடுத்தது இது இல்ல. இது. பின்னால படி."

படித்தான். காதெல்லாம் சிவந்தது.

"அப்ப நீங்கதான் அத்தை இத்தினி நாளா..."

"ஆமாண்டா, நான்தான் குடுத்தேன். வயிறு வலின்னா பெருங்காயம் குடுக்காம, பெனாயிலா குடுப்பாங்க?"

"படிச்சுப் பாத்திருக்கலாம் இல்ல?"

"நீ காலேஜ் படிச்சவன். நீ பாத்தியா?"

வெளியே சரவெடி ஓய்ந்த பிறகு தீபாதான் வாய் திறந்தாள்.

"நம்ம வீட்டுலயும் இதேதான் ரவி. ஜூன்ல உங்கம்மா வந்தப்ப தினம் ரசம் வெச்சேனே. மூணாவது நாளே முடியலன்னு திரும்பிட்டாங்களே."

அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இவளைப் பற்றி நான் நினைத்ததில் கொஞ்சம் தப்பு. கொஞ்சம்தான்.

ரவி விடவில்லை. "இருந்தாலும் அங்க ஆஸ்பத்திரி பக்கத்துல. அம்மா, நீ சொல்லு. கெளம்பறியா?"

சகுந்தலா என்னைப் பார்த்தாள். சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கப் போகிறவள் மாதிரி முகம். நான் சேனைப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரு என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்தால் அது நடக்காது. கரண்டியால் சேனையைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

"அங்க நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க" என்றாள் மகனிடம். "நாள் பூரா நான் யாருகூட சண்ட போடறது? தீபாவுக்கு நாள் நெருங்கட்டும், வரேன். மூணு மாசம் இருந்து பாத்துக்கறேன். அப்புறம் இங்கதான்."

"அம்மா..."

"கறி ஆறுது. துன்னு."

தின்றான். போகும்போது தீபா கமர்கட்டைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டாள். எப்படிச் செய்வது என்று கேட்டாள். தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டாள். அவள் உருண்டையை ஒன்று தின்று பார்த்தேன். மோசமில்லை. சொல்லவில்லை.

அக். 21, செவ்வாய்

தெரு முழுக்க வெடிக் காகிதம், மழையில் ஊறி. ஸ்டெல்லாவுக்கு ஒரு தட்டு கமர்கட் அனுப்பினேன். ஏன் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

சகுந்தலா வயிறு நன்றாக இருக்கிறது என்கிறாள். அவள் சொன்னால் நான் நம்புவதா? நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். பார்த்துவிட்டேன், போதும் என்றேன். உள்ளே இழுக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்து நிற்கிறாள், நாக்கை நீட்டிக்கொண்டு. அறுபத்தெட்டு வயசு.